காவிரியிலிருந்து துங்கபத்திரைக்கு

அம்மாவுக்கு மந்திராலயம் போக வேண்டும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. "அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒருமுறை கூட்டிட்டுப் போ, அது போதும்" என்றாள்.

மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு இந்தியப் பயணத்துக்குத் திட்டம் போடுவது எனக்குப் பழகிய வேலை. ஹைதராபாத் வரை விமானம், அங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம், ஓர் இரவு தங்கல், காலையில் தரிசனம், மாலையில் திரும்புதல். அரை மணி நேரத்தில் எக்செல் தாளில் எல்லாம் அடங்கிவிட்டது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அவர் நம்ம புவனகிரிப் பிள்ளைடா. அவ்வளவு தூரம் ஏன் போனார்?"

அம்மா சிதம்பரத்துக்காரி. புவனகிரி அங்கிருந்து கூப்பிடு தூரம். வியாழக்கிழமைதோறும் ராகவேந்திரரைக் கும்பிடுகிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பதில் தேடத் தொடங்கியதும் எக்செல் தாள் குலைந்துபோனது.

கதை 1565இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு தலைக்கோட்டைப் போரில் தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்றுகூடி விஜயநகரத்தை வென்றார்கள். துங்கபத்திரைக் கரையிலிருந்த தலைநகரம் சூறையாடப்பட்டது. அரசவையை நம்பி வாழ்ந்த புலவர்களும் இசைவாணர்களும் பண்டிதர்களும் தெற்கே நகர்ந்தார்கள். அவர்களுக்குப் புகலிடமாக இருந்தவற்றுள் தஞ்சை நாயக்கர்களின் காவிரி நாடு முக்கியமானது. ராகவேந்திரரின் முன்னோரான கிருஷ்ண பட்டர், கிருஷ்ணதேவராயருக்கு வீணை கற்பித்தவர் என்பது மரபு. அந்தக் குடும்பத்தில் வந்த திம்மண்ண பட்டருக்கும் கோபிகாம்பாளுக்கும் 1595இல் புவனகிரியில் பிறந்த குழந்தைக்கு வேங்கடநாதன் என்று பெயரிட்டார்கள். இன்றைய சொல்லில் சொன்னால் அது புலம்பெயர்ந்தவர் வீட்டுக் குழந்தை. தாய்மொழி கன்னடம், பிறந்த மண் தமிழ்.

வேங்கடநாதன் கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரிடம் படித்தார். அப்போது கும்பகோணம் மத்வ மரபின் பெரிய கல்விக்கூடமாக இருந்தது. சுதீந்திரரின் குரு விஜயீந்திர தீர்த்தரின் பிருந்தாவனம் இன்றும் அங்கே இருக்கிறது. படிப்பில் குறைவில்லை, வீட்டில்தான் சோற்றுக்குப் பஞ்சம். ஒரு விருந்தில் அவரைச் சந்தனம் அரைக்கச் சொன்னார்களாம். அவர் அக்னி சூக்தத்தைச் சொல்லிக்கொண்டே அரைத்ததால், பூசிக்கொண்டவர்களின் உடம்பு எரிந்ததாம். பக்தர்கள் இதை அற்புதமாகச் சொல்வார்கள். கற்றவன் ஒருவனைக் கூலியாளாக நடத்திய வீட்டின் கதையாகவும் எனக்கு அது படுகிறது.

1621இல் தஞ்சாவூரில், ரகுநாத நாயக்கரின் ஆட்சிக் காலத்தில், அவர் துறவு பூண்டு ராகவேந்திர தீர்த்தர் ஆனார். அந்தச் செய்தி கேட்டு ஓடிவந்த மனைவி சரஸ்வதி பாழுங்கிணற்றில் விழுந்து இறந்ததாக மரபு சொல்கிறது. ஆவியாக வந்து நின்ற அவளுக்குத் துறவி கமண்டல நீரைத் தெளித்து முக்தி தந்தார் என்று கதை முடிகிறது. நான் சொல்லிக்கொண்டே வந்தபோது அம்மா இந்த இடத்தில் நிறுத்தினாள். "அந்தக் கிணறு எங்க இருக்குன்னு யாராவது காட்டுவாங்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. குருமார்களின் பிருந்தாவனங்களை வரிசையாகப் பட்டியலிட்டிருந்த என் தாளில் அவளுக்கென்று ஒரு வரி இல்லை.

சரி, வடக்கே ஏன் போனார்? அவர் காலத்திலேயே தமிழகத்தின் அரசியல் ஆட்டம் கண்டுவிட்டது. 1640களின் இறுதியில் செஞ்சி பீஜாப்பூர் சுல்தானின் கைக்குப் போனது. 1673இல் தஞ்சை நாயக்கர் ஆட்சியே முடிந்தது. காவிரிக் கரை இனியும் பழைய புகலிடமாக இல்லை. ஆனால் மரபு தரும் விடை வேறு. மஞ்சாலை என்ற சிற்றூரைப் பிரகலாதன் யாகம் செய்த இடமாக அவர் அடையாளம் கண்டார் என்கிறது அது. அந்த ஊர் பீஜாப்பூர் ஆட்சிக்கு உட்பட்ட ஆதோனிச் சீமையில் இருந்தது. சீமையை ஆண்டவர் சித்தி மசூத் கான், ஆப்பிரிக்காவின் அபிசீனிய வழிவந்தவர். துறவியைச் சோதிக்க அவர் மூடிய தட்டில் இறைச்சி அனுப்பினார், திறந்தபோது அது பழங்களாக இருந்தது என்பது கதை. மனம் மாறிய நவாப் செழிப்பான ஊர்களைத் தர முன்வந்தாராம். துறவி கேட்டதோ வறண்ட மஞ்சாலையை.

இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். விஜயநகரத்தை வீழ்த்திய சுல்தான்களுள் பீஜாப்பூர் சுல்தானும் ஒருவர். முன்னோரை வேரோடு பிடுங்கிய அதே அரசின் அதிகாரியிடமிருந்துதான், நூறாண்டுக்குப் பின் பேரப்பிள்ளை நிலம் பெற்றிருக்கிறார். அதுவும் அதே துங்கபத்திரையின் கரையில், ஹம்பிக்குக் கீழே ஆறு ஓடும் திசையில். நம் காலத்துச் சண்டைகளுக்கு வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர்கள் 1565ஐச் சொல்வார்கள், மஞ்சாலையைச் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. 1671இல், சிராவண மாதத் தேய்பிறைத் துவிதியையில், ராகவேந்திரர் அங்கே பிருந்தாவனம் புகுந்தார்.

அந்த நிலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1800இல் ஹைதராபாத் நிஜாம் அந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே கலெக்டராக வந்தவர் தாமஸ் மன்றோ. சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் இன்றும் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். மடத்தின் இனாம் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது விசாரிக்க வந்தார். காலணியைக் கழற்றி உள்ளே போன அவரிடம் பிருந்தாவனத்திலிருந்து துறவி வெளிப்பட்டுப் பேசினார், உடனிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, இனாம் நிலைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எந்தப் பட்டயம் செல்லும், எது செல்லாது என்று ஓர் அந்நிய அதிகாரி தீர்மானித்த காலத்தில் ஓர் ஊரின் நெஞ்சில் இருந்த அச்சம் அந்தக் கதையில் கேட்கிறது. மன்றோ பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, 1827இல் அதே வட்டாரத்தின் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

மஞ்சாலை அடங்கிய ஆதோனி வட்டம் 1953 வரை சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. ஆந்திரம் பிரிந்தபோது பெல்லாரியின் பெரும்பகுதி மைசூருக்கும் ஆதோனி ஆந்திரத்துக்கும் போயின. என் தாத்தாவுக்கு மந்திராலயம் சொந்த மாகாணத்து ஊர்தான். எனக்குத்தான் அது வெளிமாநிலம்.

இப்போது புதிய திட்டம் போட்டிருக்கிறேன். சென்னையில் இறங்கி முதலில் புவனகிரி. பிறகு கும்பகோணம், தஞ்சாவூர். அதன் பிறகே ரயிலேறி வடக்கே. மந்திராலயம் ரோடு நிலையத்திலிருந்து ஊருக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். அங்கே போனதும் முதலில் மஞ்சாலம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிருந்தாவனத்துக்குப் போக வேண்டும். ஊர் அவளுடையது, வந்தவர் அவளிடம் இடம் கேட்டுத் தங்கினார் என்பது முறை. ஆராதனை ஆகஸ்ட் வாக்கில் வரும். அந்தக் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. மழைக்காலத்தில் அணையிலிருந்து நீர் திறந்துவிட்டால் ஆனெகுந்தி அருகே நவபிருந்தாவனத் தீவுக்குப் படகும் போகாது. சுதீந்திரர் அடங்கிய இடம் அது. அம்மாவுக்கு அதையும் பார்க்க வேண்டும். ஆற்றின் சீற்றம் விளையாட்டல்ல, 2009 அக்டோபரில் மந்திராலயமே நீரில் மூழ்கியது. ஆகவே ஜனவரி.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மந்திராலயத்தில் மிருத்திகை என்று மண் தருவார்கள். அதை வைத்துத்தான் ஊர் ஊராக, கடல் கடந்தும், புதிய பிருந்தாவனங்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் பயணப் பையில் மண் கொண்டுவரக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்தாள்.

"அப்ப வாங்கின மண்ணுல கொஞ்சம் கும்பகோணம் கொண்டுபோய் ஏதாவது ஒரு பாழுங்கிணத்துல போட்டுட்டு வரலாம்டா" என்றாள்.

எக்செல் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: திரும்பும் வழி, கும்பகோணம், ஒரு நாள்.