பேண்டு வாத்தியம் வந்த வழி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே பேண்டு வாத்தியம் செல்வது பழகிப்போன காட்சி. வாசிப்பவர் எந்தச் சமுதாயத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. மாரியம்மன் திருவிழாவில் முழங்கிய அதே பெரிய டிரம் மறுவாரம் நிக்காஹ் வீட்டு வாசலிலும் முழங்கும். சீருடையையும் பித்தளைக் குழல்களையும் பார்த்து, இது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கம் என்று நம் பெரியவர்களில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அது பாதி உண்மைதான்.

உஸ்மானியப் படையின் முன்னணியில் 'மெஹ்தர்' எனும் இசைக்குழு சென்றது. பெருமுரசு, நகரா, ஸுர்னா எனும் நாதக்குழல், எக்காளம், கைத்தாளம், மணிகள் தொங்கும் பிறைக்கோல் ஆகியவை அதன் கருவிகள். 1683இல் வியன்னா முற்றுகை தோற்றது. ஆனால் அந்த முழக்கம் ஐரோப்பியரின் செவியை விட்டு அகலவில்லை. அடுத்த நூற்றாண்டில் அவர்களுடைய படைகள் பெருமுரசையும் கைத்தாளத்தையும் பிறைக்கோலையும் தமதாக்கிக்கொண்டன. பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் யெனிச்சேரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் ஓய்ந்தது. இரண்டாண்டுகளில், புதிய படைக்கு ஐரோப்பிய பேண்டு இசையைப் பயிற்றுவிக்க இத்தாலியரான கியூசெப்பே டொனிசெட்டி இஸ்தான்பூலுக்கு வரவழைக்கப்பட்டார். கொடுத்த பொருளையே வேறு உடையில் திரும்பப் பெற்றார்கள்!

தமிழ்நாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) தம் அரண்மனையில் மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். பட்டாளத்திலிருந்தும் அரண்மனையிலிருந்தும் இவ்விசை கோயில் தெருவுக்கும் தேவாலயத்துக்கும் கந்தூரிக்கும் இறங்கியது.

இசை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இக்கட்டுரை புகவில்லை. ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தின்போது சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதையும், அங்கு நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்ததையும் புகாரி பதிவுசெய்துள்ளது. பித்தளைக் குழல்களுக்கு அது பொருந்துமா என்பதை ஆலிம்களிடம் கேட்டறிக.

முழக்கம் தெருவுக்கு வந்துவிட்டால் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: யார் வீட்டைக் கடந்து, யார் தொழும் இடத்தைக் கடந்து அது செல்லலாம்? கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே, கல்வராயன் மலையை வலப்புறம் விட்டு, ஆத்தூர் வழியே சென்றால் சேலம். அங்கே செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசலை ஒட்டி வாத்தியத்துடன் இந்து ஊர்வலம் செல்வது பற்றி எழுந்த பூசல் 1882இல் பெருங்கலவரமாக வெடித்தது. உயிர்கள் பறிபோயின. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவரான சி. விஜயராகவாச்சாரியாரும் குற்றம் சாட்டப்பட்டார், மேல்முறையீட்டில் விடுதலையானார்.

அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எச்சமயத்தவரும் பொதுத்தெருவில் ஊர்வலம் செல்லலாம் என்றது. ஆயினும் பிறர் தெருவைப் பயன்படுத்துவதற்குத் தடையாகக் கூடாது. அமைதி காக்க மாஜிஸ்திரேட் இடும் கட்டளைக்கும் அடங்க வேண்டும். அன்று அது நமக்கு எதிரான தீர்ப்பாகவே தோன்றியிருக்கும். மீலாது ஊர்வலம் இன்று கடைத்தெருவில் செல்வதும் அதே நெறியின்படிதான் என்பதை நாம் அரிதாகவே நினைக்கிறோம்.

1924இல் பிரிவி கவுன்சிலும் சென்னைத் தீர்ப்பின் வழியையே ஏற்றது. அவ்வழக்கு ஐக்கிய மாகாணத்து ஔரங்காபாத் எனும் ஊரிலிருந்து வந்தது. முஹர்ரம் ஊர்வலத்தைப் பள்ளிவாசல் அருகே நிறுத்தி மாதம் செய்ய உரிமை கேட்டோர் ஷியாக்கள், தடுத்தோர் சுன்னிகள். இரு தரப்பாரும் முஸ்லிம்களே.