பல்செட்டும் ஃபா என்னும் எழுத்தும்

நமக்கு ஓதக் கற்றுத்தந்த உஸ்தாத் ஒருவர், எழுபது அகவையைக் கடந்தபின் எஞ்சியிருந்த பற்களையும் இழந்து, மேலும் கீழும் முழுப் பல்செட் வைத்துக்கொண்டார். சோறு மெல்ல முடிந்தது, ஒட்டியிருந்த கன்னம் நிரம்பியது, வீட்டாருக்கு மகிழ்ச்சி. சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் மாலை மக்தபில் பிள்ளைகள் சூரத்துல் ஃபீல் ஓதுவதைக் கேட்டவர் திடுக்கிட்டுப் போனார். வரிசையாக அமர்ந்திருந்த சிறுவர் அனைவரும் ஃபாவை இரு உதடுகளும் கூட, 'பா' போல ஒலித்தனர். அந்த சூராவின் முதல் வசனத்தில் மட்டும் ஃபா மூன்று முறை வருகிறது. இதை யார் கற்றுத்தந்தது என்று அவர் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. தம் வாயைப் பார்த்தே அவர்கள் ஓதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். (பெயரிலேயே ஃபாவைத் தாங்கிய ஃபாத்திஹா சூராவின் வசனங்களில் அந்த எழுத்து ஓரிடத்திலும் இல்லை. அவர் இதை முன்பே உணராமற் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.)

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இயற்கைப் பல் தன் இடத்தில் தானே முளைக்கிறது. வாயில் ஒரு பல்லும் எஞ்சாத நிலையில், செயற்கைப் பல்லை எந்த இடத்தில் நிறுத்துவது? மனிதர்கள் இதற்கு விடை காண ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

பல்லின் இருப்பிடத்தை நுணுகி நோக்கியவர்களுள் தஜ்வீத் கலை அறிஞர்களுக்கு முக்கிய இடமுண்டு. முப்பத்திரண்டு பற்களையும் அவர்கள் பெயரிட்டு வகுத்தனர்: நடு முன்பற்கள் நான்கும் ஸனாயா; அவற்றை அடுத்தவை ரபாஇயாத்; கோரைப் பற்கள் அன்யாப்; அதற்கப்பால் ளவாஹிக், தவாஹின், கடைசியில் நவாஜித். இப்பெயர்கள் மருத்துவத்திற்காக மனனம் செய்யப்பட்டவை அல்ல. எந்த எழுத்து எந்தப் பல்லைச் சார்ந்து பிறக்கிறது என்று காட்டவே அவை தேவைப்பட்டன. புள்ளியுள்ள தாலுக்கு நாவின் நுனி மேல் ஸனாயாவின் விளிம்பைத் தொட வேண்டும். ளாத் என்னும் எழுத்துக்கு நாவின் பக்கம் மேல் கடைவாய்ப் பற்களைச் சேர வேண்டும். ஃபாவுக்கோ கீழுதட்டின் உட்புறம் மேல் ஸனாயாவின் விளிம்போடு பொருந்த வேண்டும். 'உட்புறம்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

விழுந்த பல்லுக்கு மாற்று வைக்கும் முயற்சியும் பழமையானது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில், குலாப் போரில் மூக்கை இழந்திருந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்துகொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். இந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் திர்மிதி, அறிஞர்கள் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்தனர் என்றும் அதற்கு இதில் ஆதாரம் உண்டு என்றும் குறிப்பிடுகிறார். பின்னர் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில், ஆடும் பற்களை உறுதியான பற்களோடு பொற்கம்பியால் பின்னிக் கட்டும் முறையை விவரித்தார். வெள்ளி சில நாளில் பச்சை படிந்துவிடும் என்பதால் தங்கமே சிறந்தது என்றார். விழுந்த பல்லையே திரும்ப வைக்கலாம், அல்லது மாட்டெலும்பைப் பல் வடிவில் செதுக்கி அங்கே பொருத்திக் கட்டலாம் என்றும் எழுதினார். அவர் மறைந்தது 1013 வாக்கில். ஆயினும் இவையெல்லாம் அருகே பல் உள்ளவருக்கான வழிகள். இருபுறமும் நிற்கும் பற்களே இடைப்பல்லின் இடத்தைச் சொல்லிவிடும். வாய் முழுதும் வெறுமையானவருக்கு அந்தச் சாட்சிகள் இல்லை.

ஜப்பானில் 1538இல் மறைந்த நாகாஓகா தேய் என்னும் பௌத்தத் துறவியின் மரப் பல்செட் இன்றும் இருக்கிறது. சிலை செதுக்குவோரின் கைத்திறனில் உருவான அத்தகைய பல்செட்டுகள் அண்ணத்தோடு ஒட்டி நின்றன. ஐரோப்பாவிலோ 1728இல் தம் நூலை வெளியிட்ட பியர் ஃபொஷார், மேல் செட்டையும் கீழ் செட்டையும் சுருள்வில்லால் இணைத்து நிறுத்தினார். வில் இரண்டையும் எந்நேரமும் பிரித்துத் தள்ளும். அணிந்தவர் வாயை மூடி வைத்திருப்பதற்கே உழைக்க வேண்டும். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. அவருடைய பல்செட் மரம் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்திலும் மனிதப் பற்களிலும் செய்யப்பட்டது அது. அது தம் உதடுகளை வீங்கியவை போல் வெளியே தள்ளுகிறது என்று அவர் தம் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட்டுக்கு 1797இல் எழுதினார். ஒரு நாட்டையே வழிநடத்தியவருக்கும் பற்களைச் சரியான இடத்தில் வைத்துத்தர ஆளில்லை. பல் கழன்று விழாமலிருப்பதே அன்று பெரும் சாதனை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று எவரும் அளக்கவில்லை.

அளக்கும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பல் மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்துச் சாந்தில் வார்த்து, மேலும் கீழும் கீல் கொண்ட கருவியில் பொருத்திப் பல் அடுக்கினர். ஆனால் மனிதத் தாடை கதவைப் போல் திறந்து மூடுவது மட்டுமன்று. மெல்லும்போது பக்கவாட்டில் அரைக்கிறது, முன்னே நகர்கிறது. கீலில் அழகாகக் கடிபட்ட பல்செட், சோற்றை அரைத்த மறுகணம் ஒருபுறம் தூக்கிக்கொண்டது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பான்வில், 1858இல், இரு தாடை மூட்டுகளும் கீழ் முன்பற்கள் சந்திக்கும் இடமும் ஏறத்தாழ 4 அங்குலப் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக அமைகின்றன என்று கணித்து, பக்கவாட்டிலும் அசையும் கருவி செய்தார். கீழ்ப்பல் வரிசை நேர்கோடன்று, பின்னோக்கி வளைந்தேறும் வில் என்று 1890இல் காட்டியவர் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ஷ்பே. 1905இல் கிறிஸ்டென்சன், கீழ்த்தாடை முன்னே நகரும்போது மூட்டு சரிவில் இறங்குவதால் பின்புறம் இடைவெளி விழுவதை விளக்கினார். ஜூரிக் நகரின் ஆல்ஃபிரட் கீஸி இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்தார். ஆளுக்கு ஆள் மாறும் அந்தச் சரிவை அளந்து பொருத்தக்கூடிய கருவியையும், 1914இல், 33 பாகைச் சரிவுள்ள முகடுகள் கொண்ட கடைவாய்ப் பற்களையும் தந்தார். தாடை எப்பக்கம் சென்றாலும் இருபுறமும் பல் பல்லைத் தொட்டால் செட் கவிழாது என்பதே அதன் கணக்கு.

மெல்லுவதற்கு இது போதும். பேச்சுக்கு?

பல் விழுந்தபின் மேல்தாடையின் எலும்பு மேடு ஆண்டுதோறும் கரைகிறது. கரைவது மேல்நோக்கியும் உள்நோக்கியும். செட் செய்பவர் எஞ்சிய அந்த மேட்டின் மேலேயே முன்பற்களை அடுக்கினால், அவை பழைய இடத்திற்கு வெகுவாகப் பின்னால் போய்விடுகின்றன. மேலுதடு உள்வாங்கும். கீழுதடு எவ்வளவு முயன்றாலும் பல் விளிம்பை எளிதில் எட்டாது; மேலுதட்டையே சென்று முட்டும். நம் உஸ்தாதுக்கு நேர்ந்தது இதுவே. இதைத் தவிர்க்கப் பல் மருத்துவர்கள் சில அடையாளங்களைக் கைக்கொள்கின்றனர். அண்ணத்தின் முன்னால் ஒரு சிறு சதைக் குமிழ் உண்டு, நாவால் தடவினால் தெரியும். முன்பற்களின் வெளிமுகம் அதற்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் முன்னே நிற்க வேண்டும். 'ஃப' ஒலிக்கும்போது மேல்முன்பற்களின் விளிம்பு கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டைத் தொட வேண்டும். 'ஸ்' ஒலியில் மேல் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று மிக நெருங்க வேண்டும், முட்டலாகாது. 'ஸ்' ஒலியே வழிகாட்டட்டும் என்னும் பொருளில் எர்ல் பவுண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஈரமும் உலர்வும் சந்திக்கும் அந்தக் கோட்டைப் படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடி வைத்தோம். நம் முன்னோர் கீழுதட்டின் 'உட்புறம்' என்று குறித்தது இந்தக் கோட்டில் தொடங்கும் ஈரப்பகுதியையே. ஓர் எழுத்தின் உரிமையைக் காக்க அவர்கள் கண்டதும், ஒரு பல்லின் இடத்தை அறிய இவர்கள் கண்டதும் உதட்டின் அதே ஓரத்தில் வந்து நிற்கின்றன. இவர்கள் அவர்களிடம் கற்றார்கள் என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. மனித வாய் ஒன்றே, அவ்வளவுதான்.

உஸ்தாதின் முதல் செட் அவசரத்தில் செய்யப்பட்டது. பற்களை மெழுகில் அடுக்கி, வாயில் வைத்துப் பேசவிட்டுப் பார்த்தபின்னரே அக்ரிலிக்கில் இறுக்க வேண்டும். மெழுகில் இருக்கும்வரை பல்லை நகர்த்தலாம், இறுகியபின் இயலாது. அந்த ஒரு படி அங்கே தவிர்க்கப்பட்டிருந்தது. மறுமுறை வேறொரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். மெழுகுச் செட்டை வாயில் வைத்த அந்த டாக்டரம்மா, வழக்கப்படி ஆங்கிலத்தில் ஐம்பதிலிருந்து எண்ணச் சொன்னார். உஸ்தாத் தயங்கினார். "எனக்குப் பழக்கமானதை ஓதிக் காட்டலாமா, அம்மா?" என்றார். "தாராளமாக ஓதுங்க ஐயா" என்றார் அவர். உஸ்தாத் சூரத்துல் ஃபீலின் முதல் வசனத்தை ஓதினார். டாக்டரம்மா அவருடைய கீழுதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, செட்டை வெளியே எடுத்து, சூடாக்கிய கத்தியால் மெழுகை இளக்கி முன்பற்களைச் சற்றே முன்னால் நகர்த்தினார். மீண்டும் ஓதச் சொன்னார். நான்காம் முறை ஓதியபோது உஸ்தாத் தாமாகவே நிறுத்தி, நம் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

புதிய செட் வந்த அன்று மாலை, மக்தபில் பிள்ளைகளை அமரவைத்து, "இத்தனை நாள் நான் ஓதிக்கொடுத்த ஃபா பிழையானது, அதை விட்டுவிடுங்கள்" என்று முதலில் சொன்னார். பிறகு கீழுதட்டை விரலால் சற்றே விலக்கிப் பல் தொடும் இடத்தைக் காட்டி, சூராவை முதலிலிருந்து தொடங்கினார்.