முழுகாமலிருக்கும் முன்னே

கருவுற்ற பெண்ணை ‘முழுகாமலிருக்கிறாள்’ என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. மாதந்தோறும் முழுகும் முழுக்கு நின்றது என்பதே அதன் பொருள். ஆகவே, முழுக்குத் தவறிய பின்னரே கருவின் செய்தி நம் முன்னோரை எட்டியது. கருப்பைக்குள் நிகழ்வனவற்றை அவர்க்கு எடுத்துரைக்க நூல் வேண்டியிருந்தது.

அத்தகைய நூலொன்று 1857ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் இங்கு வந்து, மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ எனத் தமிழாக்கினார். பின்னாளில் வகுப்பையும் தமிழிலேயே நடத்தினார். கலைச்சொல் இல்லையென்று கைவிரிப்போர் இன்றும் உளர், அவர் விரிக்கவில்லை.

எனினும், ஏட்டில் ஏறிய அறிவு பேற்றறை வாயிலிலே நின்றுவிட்டது. கிறீனிடம் பயின்றவர் ஆடவர். பேறு பார்த்தவரோ ஊர் மருத்துவிச்சியர். 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டு, டாக்டர் இசபெல்லா கேர் அம்மையார் பணியாற்றத் தொடங்கியபோது அத்தடை தளர்ந்தது.

அப்போதும் முதல் மாதங்கள் கவனிப்பாரற்றே கிடந்தன. நோவு கண்டபின் ஆஸ்பத்திரிக்கு வருவது ஒன்று. நலமாயிருக்கும்போதே தாயை வீடு தேடிச் சென்று காண்பது வேறு. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பகுதி இரண்டாவதைத் தொடக்கிவைத்தது. அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. 1930களின் இலங்கையில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாய்மார் மாண்டனர். இன்று இலட்சம் பிறப்புக்கே 30 அளவில்தான் மாள்கின்றனர். இதில் மலேரியா ஒழிப்புக்கும் பங்குண்டு. ஆயினும் படலை திறந்து சென்ற மருத்துவமாதின் பங்கு சிறிதன்று.

இனிக் கருவைப் பார்ப்போம். மூளையும் முண்ணாணுமாக வளரும் நரம்புக் குழல், கரு உண்டான 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது, முழுக்குத் தவறி இரண்டு வாரம் கழியுமுன் அவ்வேலை முடிந்துபோகிறது. அது சரிவர மூடாவிடின் பிள்ளை ஊனத்தோடு பிறக்கும், சிலபோது பிழைக்காது.

பம்பாயிலே கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது, ஈஸ்ட்டுச் சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்தே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. கருவுறுமுன்பே அதனை உட்கொண்டால் நரம்புக் குழற் குறை பெரிதும் தவிர்க்கப்படும் என்பது 1991இல் நிறுவப்பட்டது. நம் முருங்கை இலையிலும் அச்சத்து உண்டு. ஆயின் நெடுநேரம் அவித்தால் குறைந்துபோம்.

இன்று நம் நாட்டில் அம்மாத்திரை, புதுமணப் பெண்ணுக்கு அவள் முழுகாமலிருக்குமுன்னரே வழங்கப்படுகிறது.