குமிழியும் கண்காணிப்பும்: வங்காளதேசம் கற்பித்த பாடம்

தீவிர சிகிச்சை என்றதும் நம் கண்முன் தோன்றுபவை விலையுயர்ந்த இயந்திரங்களே. ஆயினும், அத்துறை மனிதக் கைகளால் பிறந்தது. 1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குச் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் காற்றுப்பையைக் கையால் அழுத்தி உயிர் காத்தனர். கண் இமைக்காத அக்கவனிப்பே இத்துறையின் வித்து.

அவ்வித்து ஏழை நாடுகளில் எவ்வாறு வேரூன்றியது? 1996ஆம் ஆண்டு, வங்காளதேசத்தின் சில்ஹெட் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த முகமது ஜோபாயர் சிஸ்டி, ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததைக் கண்டார். செயற்கைச் சுவாசக் கருவி எட்டாக்கனியாக இருந்த நாட்டில், எளிய வழியொன்றைத் தேடினார். மெல்பர்னில் அவர் கண்ட குமிழிக் கருவி ஒரு வழியைக் காட்டியது. டாக்காவுக்குத் திரும்பியவர், பயன்படுத்திய ஷாம்பு புட்டியில் நீர் நிரப்பி அதனை உருவாக்கினார். குழந்தை வெளிவிடும் காற்று, நீரில் அமிழ்ந்த குழாய்வழியே குமிழிகளாக வெளியேறும். அதனால் எழும் அழுத்தம், நுரையீரலின் நுண்ணறைகள் மூடிக்கொள்ளாமல் தாங்கும்.

2011 முதல் 2013 வரை, டாக்காவில் 225 குழந்தைகளிடம் இம்முறை ஆராயப்பட்டது. குறைந்த வேகத்தில் ஆக்சிஜன் பெற்றோரில் 15 விழுக்காட்டினர் இறந்தனர். குமிழி முறையில் 4 விழுக்காட்டினரே இறந்தனர்.

வரலாறு இங்கே முடிந்திருந்தால், புட்டியே வென்றது என்போம். ஆனால், ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளிவந்தது. மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஊட்டக்குறைவு முதலிய கூடுதல் இடர்களும் சூழ்ந்த குழந்தைகளுக்கு இதே வகைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அங்கே குமிழி முறையில் 17 விழுக்காட்டினரும், வழக்கமான ஆக்சிஜன் முறையில் 11 விழுக்காட்டினரும் இறந்தனர். நோயாளிகளின் நிலையும் வேறுபட்டதால் இவ்விரு முடிவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடல் தகாது. எனினும், டாக்காவில் புட்டியருகே பயிற்சி பெற்ற கண்கள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

கருவியை மலிவாக்கலாம், கவனிப்பை மலிவாக்க இயலாது. வளரும் நாடுகள் தீவிர சிகிச்சைக் கட்டில்களை எண்ணும்போது, அவற்றினருகே விழித்திருக்கும் தாதியரையும் மருத்துவரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.