மூன்ஸ்டரில் அமைந்த 'தேவனுடைய ராஜ்யம்'

ஜெர்மனியின் வடமேற்குப் பகுதியில் மூன்ஸ்டர் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள புனித லம்பேர்ட் தேவாலயத்தின் கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. அவை முதன்முதலில் மாட்டப்பட்டது 1536-ஆம் ஆண்டில். பின்னாளில் அந்தக் கோபுரத்தையே இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அப்போதும் கூண்டுகளை விட்டுவிடவில்லை, திரும்பவும் மேலே ஏற்றி மாட்டிவிட்டார்கள்!

தேவாலயக் கோபுரத்தில் கூண்டுகள் எதற்கு? 'தேவனுடைய ராஜ்யம் எங்கே இருக்கிறது?' என்ற பழைய கேள்விக்கு ஒரு நகரம் சொன்ன தவறான பதிலில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

இயேசுவின் போதனைகளில் மையமானது தேவனுடைய ராஜ்யம்தான். ஆனால் அது இன்ன இடம், இன்ன தேதி என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கடுகு விதை, புளித்த மாவு, நிலத்தில் புதைந்த புதையல் என்று உவமைகளாகவே சொன்னார். அது எப்போது வரும் என்று பரிசேயர்கள் கேட்டபோது, கண்ணால் பார்த்து இங்கே, அங்கே என்று காட்டக்கூடியதல்ல என்றார். தமது ராஜ்யம் இந்த உலகத்துக்குரியதல்ல என்று பிலாத்துவிடம் சொன்னார்.

சுவிசேஷங்களின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்குரிய சொல் 'பசிலேயா'. அதற்கு ராஜ்யம் என்றும் பொருள், ஆட்சி என்றும் பொருள். தமிழிலேயே இந்த இரண்டையும் பார்க்கலாம். பழைய வேதாகமத்தில் 'தேவனுடைய ராஜ்யம்' என்று இருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'இறையாட்சி' என்று இருக்கும். ராஜ்யம் என்றால் எல்லை, கோட்டை, அரசன் எல்லாம் நினைவுக்கு வரும். ஆட்சி என்றால் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் முதலில் வரும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் மூன்ஸ்டரில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அனபாப்டிஸ்ட் இயக்கம் தொடங்கியது. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, புரிந்து விசுவாசிக்கும் வயதில்தான் பெற வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் பிறந்த குழந்தையெல்லாம் சபையிலும் அரசிலும் ஒரே சமயத்தில் உறுப்பினராகிவிடும் காலம் அது. அதனால் கத்தோலிக்கர், சீர்திருத்தக்காரர் இரு தரப்பும் இவர்களை எதிரிகளாகப் பார்த்தன. 1527-இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை சூரிச்சில் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். 1529-இல் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று பேரரசின் சட்டமே வந்துவிட்டது.

இப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு உலகத்தின் முடிவு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. மெல்கியோர் ஹாஃப்மன் என்ற பிரசங்கி 1533-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரமே புதிய எருசலேம் ஆகும் என்றார். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்த ஆண்டும் கடந்து போனது. உடனே ஹார்லெம் நகரத்து ரொட்டிக்காரர் யான் மாத்தைஸ், நகரம் ஸ்ட்ராஸ்பர்க் அல்ல, மூன்ஸ்டர் என்றார்!

1534 பிப்ரவரியில் மூன்ஸ்டர் நகரசபை அனபாப்டிஸ்டுகளின் கைக்கு வந்தது. மறுஞானஸ்நானம் பெற மறுத்தவர்களைக் குளிர்காலப் பனியில் வெளியே துரத்தினார்கள். நகரத்தின் ஆட்சியாளரான பிஷப் படையோடு வந்து முற்றுகையிட்டார். உள்ளே தனிச்சொத்து ஒழிக்கப்பட்டது. பணம், தங்கம், வெள்ளி எல்லாம் பொதுவில் ஒப்படைக்கப்பட்டன. கடன் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. ஆதி சபையில் எல்லாம் பொதுவாக இருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறதே, அதுதான் முன்மாதிரி. ஆனால் அங்கே மனமுவந்து கொடுத்தார்கள், இங்கே கொடுக்காதவனுக்குத் தண்டனை. மாத்தைஸைக் குறை சொன்ன ஒரு கொல்லர் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டு ஈஸ்டர் அன்று மாத்தைஸ் ஒரு சிறு கூட்டத்தோடு கோட்டைக்கு வெளியே போனார். கடவுள் காப்பார் என்று நம்பிப் போனவர் அங்கேயே வெட்டப்பட்டார். அடுத்துத் தலைமைக்கு வந்தவர் லெய்டன் நகரத்துத் தையல்காரர் யான். வயது இருபத்தைந்து இருக்கும். ஆண்களை விடப் பெண்கள் பல மடங்கு இருந்த நகரத்தில் பலதார மணத்தைச் சட்டமாக்கினார். செப்டம்பரில் தன்னையே அரசனாக அறிவித்துக்கொண்டார். கிரீடம், தங்கச் சங்கிலி, சிம்மாசனம் எல்லாம் வந்தன. மக்களிடம் உபரித் துணிகளைக் கூடக் கேட்டு வாங்கிய நகரத்தில் அரசவை மட்டும் பட்டு உடுத்தியது.

பிறகு பஞ்சம் வந்தது. குதிரை, நாய், பூனை என்று கிடைத்ததையெல்லாம் தின்றார்கள். 1535 ஜூனில் உள்ளிருந்து தப்பியவர்கள் வழி காட்ட, பிஷப்பின் படை நுழைந்து கண்டவர்களையெல்லாம் கொன்றது. 1536 ஜனவரியில் யானும் இன்னும் இரு தலைவர்களும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மூன்று உடல்களுக்குத்தான் மூன்று கூண்டுகள்.

இதில் யார் பக்கம் தேவனுடைய ராஜ்யம் இருந்தது? கோட்டைக்கு உள்ளேயும் வாள், வெளியேயும் வாள். முற்றுகையிட்டவரே ஒரு பிஷப் என்பதை மறந்துவிடக் கூடாது. இடத்தைக் குறித்து, அரசனை வைத்து, எதிர்ப்பவனை வெட்டி அமைக்கும் ராஜ்யம், அது எந்தப் பெயரில் இருந்தாலும், கடைசியில் மற்ற ராஜ்யங்களைப் போலத்தான் ஆகிவிடுகிறது.

ஆனால் கதை கூண்டுகளோடு முடியவில்லை. அதே 1536-இல் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பகுதியைச் சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு தன் பதவியை விட்டு வெளியேறினார். சிதறிக் கிடந்த அனபாப்டிஸ்டுகளைத் தேடிப் போய்ச் சேர்த்தார். கிறிஸ்துவின் பிள்ளைகள் வாள் எடுக்கக் கூடாது என்று போதித்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் மென்னோனைட் சபையினர் இன்று உலகெங்கும் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். போருக்குப் போக மறுப்பதற்காக நாடு நாடாக இடம்பெயர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

கோட்டை கட்டிய ராஜ்யம் பதினாறு மாதத்தில் முடிந்துவிட்டது. கோட்டையே இல்லாமல் வாழ்ந்தவர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறார்கள். கடுகு விதை உவமையின் பொருள் இதுதானோ என்னவோ!