தலைவர் நாற்காலியும் காசோலைக் கையொப்பமும்



உள்ளாட்சி வரலாறு என்றாலே நம் பக்கத்தில் சோழர்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் அந்தப் பெருமை நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. குடவோலை முறையைப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஒரு பிராமணர் சபையின் விதிகள். வரி கட்டும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயரே ஓலையில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்களின் வரி நீங்கிய நிலங்களைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு என்று எழுதுகின்றன. நிலக் கணக்கில் சேரி இருந்தது, சபையில் இல்லை.

இதனால்தான் கிராமப் பஞ்சாயத்து என்ற பேச்சை அண்ணல் அம்பேத்கர் ஐயத்தோடு பார்த்தார். 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதிட்டார். 1948இல் அரசியல் நிர்ணய சபையிலும் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களை மறுத்தார். ஆனாலும் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் பஞ்சாயத்து, 40ஆவது பிரிவாக, வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவியிலும் மக்கள்தொகை விகிதப்படி இடம் உண்டு என்று அரசியல் சட்டமே சொல்ல, 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இன்றைய அரியலூரும் அடக்கம். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த அம்மாவட்டம், 1996 அக்டோபரில் புதிய சட்டப்படியான முதல் ஊராட்சித் தேர்தலைக் கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பெரம்பலூர் மக்களவைத் தொகுதி 2004 தேர்தல் வரை தனித்தொகுதி. சட்டமன்றத் தொகுதி இன்றும் தனித்தொகுதி. நாடாளுமன்றத்துக்குப் போகும் தலித் உறுப்பினரைப் பொறுத்துக்கொண்ட தமிழகத்துக் கிராமங்கள், ஊராட்சித் தலைவரை ஏன் பொறுக்கவில்லை?

மதுரை மாவட்டத்து மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் முறையான தலைவர் அமர 2006 வரை ஆயிற்று.

விடை ஊருக்குள்தான் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் எங்கோ இருந்து சட்டம் செய்கிறார். ஊராட்சித் தலைவரோ குளத்து மீன் ஏலம், புளியமர ஏலம், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை ஆகியவற்றைத் தொடுகிறார். நேற்று வரை கூலிக்கு அழைத்தவர், இன்று மனுவோடு சேரிக்கு வர வேண்டியிருக்கிறது. சாதியின் அன்றாடப் பிடி இருக்கும் இடத்தையே இந்தச் சிறிய பதவி தொடுகிறது.

அதனால் எதிர்ப்பும் சிறிய வழிகளில் வருகிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது தமிழ்நாட்டு முறை. துணைத் தலைவர் பதவிக்கோ இடஒதுக்கீடு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆதிக்கச் சாதியார் அங்கே அமர்ந்து பேனாவை எடுக்க மறுத்தால் போதும், பணி நின்றுவிடும். பணி நின்றபின் தலைவருக்குத் திறமை இல்லை என்பார்கள். அடுத்து, தலைவரைப் பதவி நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் தரும் 205ஆவது பிரிவைக் காட்டி மிரட்டுவார்கள். பெண் தலைவர் என்றால் சுமை இரட்டிப்பு. 2022இல், சுதந்திர தினத்தன்று தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே கடிதம் எழுத நேர்ந்தது.

தோழர்களே, நாற்காலியைச் சட்டம் தந்தது. கையொப்பத்தை இனிமேல்தான் வெல்ல வேண்டும். துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு கேட்போம். கிராம சபை கூடும் நாளில் சேரியிலிருந்து ஒருவர் இருவராக அல்ல, தெருவே திரண்டு போவோம். தீர்மானப் புத்தகத்தில் நம் கோரிக்கை எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவோம். ஓலையில் ஏறாத பெயர்கள் அந்தப் புத்தகத்தில் ஏறட்டும்.