பார்ப்பவரை அறியாத ரீவி

1975 இல் இலங்கையில் ரீவி நிலையம் எண்டு ஒன்றே கிடையாது. ஐ.ரி.என். தொடங்கியது 1979 இல். ரூபவாஹினி வந்தது 1982 இல். ஆனால் 1975 ஆகஸ்டிலேயே கொழும்பில் ஒரு வீட்டில் ரீவி ஓடியது. அது ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு.

நாசாவின் ஏ.ரி.எஸ்.-6 சற்றலைட் வழியாக இந்தியா ஒரு வருடப் பரிசோதனை ஒன்றை அப்போது தொடங்கியிருந்தது. 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துப் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, கிளார்க்கின் வீட்டிலும் ஒரு பெரிய டிஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சற்றலைட்டை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் எண்டு 1945 இலேயே எழுதியவர் அவர். அவருக்கு அது பொருத்தமான பரிசுதான்.

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்தியக் கிராமங்களுக்கென்று அனுப்பிய அலை பாக்கு நீரிணையோடு நின்றுவிடவில்லை. அது எங்கே விழுகிறது, யார் பிடிக்கிறார்கள் என்பது சற்றலைட்டுக்குத் தெரியாது. சற்றலைட் ரீவியின் வரலாறு முழுக்க இந்த ஒரு விசயத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

அடுத்த வருடம், 1976 இல், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் தன் வீட்டிலேயே டிஷ் ஒன்றைச் செய்து, கேபிள் கொம்பனிகளுக்காக அனுப்பப்பட்ட சனல்களைப் பிடித்தார். மனுசன் நேர்மையானவர். பார்த்த படங்களுக்காக எச்.பி.ஓ.வுக்கு 100 டொலர் காசோலை அனுப்பினார். அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவர் நேரடியாகக் காசு கட்டுவதற்கு அவர்களிடம் வழியே இருக்கவில்லை. அமெரிக்காவில் வீட்டு டிஷ்கள் பெருகியபிறகுதான் விசயம் மாறியது. 1986 இல் எச்.பி.ஓ. தன் அலையைப் பூட்டியது. அதன்பிறகு வானத்தில் இரண்டு வகைச் சனல்கள்: பூட்டியவை, பூட்டாதவை. பூட்டாதவையைத்தான் இலவசச் சற்றலைட் ரீவி எண்டு சொல்லுகிறோம்.

இதற்குள் கொம்பியூட்டர் எப்படி வந்தது?

1990களின் நடுவில் ஐரோப்பாவில் டி.வி.பி.-எஸ். என்ற டிஜிற்றல் முறை வந்தது. அதோடு ரீவிப் படம் என்பது வெறும் எண்களாகிவிட்டது. எண்களைக் கையாளுவதுதானே கொம்பியூட்டரின் வேலை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. மேலிருந்து வரும் அலையின் அதிர்வெண்ணைக் குறைத்து வயரில் இறக்கும். அந்த வயரை ரீவிப் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் ரிசீவருக்குக் கொடுக்காமல், கொம்பியூட்டருக்குள் செருகிய ஒரு காட்டுக்குக் கொடுத்தால் போதும். 13 வோல்ற் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ற் எண்டால் கிடை அலை. அதிர்வெண்ணையும் சிம்பல் ரேட்டையும் தட்டச்சு செய்தால், 188 பைட் பொட்டலங்களாகச் சனல்கள் கொட்டத் தொடங்கும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு இலக்கம் இருக்கும். எந்த இலக்கம் படம், எந்த இலக்கம் ஒலி எண்டு பார்த்துச் சேர்த்துத் தருவது சொப்ட்வெயாரின் வேலை.

முதலில் வந்த காட்கள் விலை கூடியவை. அந்தக்காலப் புரோசசர்களால் படத்தை விரிக்க முடியாது என்பதால் அதற்கென்று தனிச் சிப் ஒன்றைக் காட்டிலேயே வைத்திருந்தார்கள். புரோசசர்கள் வேகமானபிறகு அந்தச் சிப் தேவைப்படவில்லை. டெக்னிசாற் நிறுவனத்தின் ஸ்கைஸ்டார் 2 போன்ற மலிவான காட்கள் வந்தன. புரொக்டிவிபி போன்ற சொப்ட்வெயார்களும் பரவின. ஜேர்மனியில் கிளவுஸ் ஷ்மிடிங்கர் என்பவர் 2000 இல் வி.டி.ஆர். என்ற சொப்ட்வெயாரை லினக்சுக்காக எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதைப் போட்டால் பழைய கொம்பியூட்டர் ஒன்று வீட்டு ரெக்கோடராக மாறிவிடும்.

ரிசீவர் பெட்டியில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெட்டி, செய்தவர் நினைத்ததை மட்டும் செய்யும். கொம்பியூட்டரோ வருவதை அப்படியே எங்கள் கையில் தரும். ஒளிபரப்பான அதே எண்களை, தரம் ஒரு துளியும் குறையாமல், ஹாட் டிஸ்க்கில் சேமிக்கலாம். இரண்டு மணிநேரப் படம் மூன்று நான்கு ஜிகாபைட் வரும். ஒரே அதிர்வெண்ணில் பத்துச் சனல் வந்தால் பத்தையும் ஒரே நேரத்தில் பதியலாம். பட்டியலில் இல்லாத அதிர்வெண்ணைத் தேடிப்போனால், செய்தி நிறுவனங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் காட்சிகள்கூடச் சிலவேளை பூட்டில்லாமல் அகப்படும். செய்தியாளர் கமராவுக்கு முன்னால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிற்பதை அப்படிப் பார்த்தவர்கள் கனபேர்.

எங்கள் பக்கத்து வானத்தில் பெரிய கதவு திறந்தது 2004 டிசம்பரில். தூரதர்ஷனின் டிடி டைரக்ட் பிளஸ் அப்போதுதான் தொடங்கியது. மாதக் கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு சின்ன டிஷ் போதும். இந்தியாவுக்கென்று அனுப்பினாலும், 1975 இல் நடந்ததுபோலவே அலை இந்தப் பக்கமும் விழுந்தது. அதற்கு முதல் வடக்கில் உயரக் கம்பத்தில் அன்ரனா கட்டித் தூரதர்ஷன் பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் ஜெனரேற்றரும் கார் பற்றரியும் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் டிஷ்காரருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. என்ன பார்த்தார்கள் எண்டு அனுப்பியவருக்குத் தெரியாது.

இண்டைக்கு நாம் ஒரு காணொளியைத் தொட்டால், எத்தனையாவது செக்கனில் நிறுத்தினோம் என்பதுவரை அடுத்த பக்கத்தில் பதிவாகிறது. அது மட்டுமில்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எண்டு பல தடவை இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாம் அனுபவித்தோம். ஒரு உத்தரவு போதுமாக இருந்தது. வானத்திலிருந்து விழும் அலையை அப்படி ஒரு உத்தரவால் நிறுத்துவது கஷ்டம்.

அதற்காகப் பழசைத் தூக்கிவைத்துக் கொண்டாட நாம் வரவில்லை. சற்றலைட் ரீவி ஒருவழிப் பாதை. மேலே அனுப்பும் பலம் அரசுகளிடமும் பெரிய கொம்பனிகளிடமும்தான் இருந்தது. நாம் பார்க்கலாம், பதில் சொல்ல ஏலாது. அலை காட்டிக்கொடுக்காவிட்டாலும் டிஷ் காட்டிக்கொடுக்கும். ஈரானில் 1990களின் நடுவில் டிஷ்களைத் தடைசெய்து, பொலிஸ் கூரைகளில் ஏறிக் கழற்றியது. சற்றலைட்டும் சாகும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி யின் சூரியத் தகடு பழுதானபோது அதன் டிரான்ஸ்பொண்டர்களில் பாதி ஒரேயடியாக நின்றன.

ஆனாலும் பார்ப்பவர் ஆர் என்று கேட்காத ஒரு ஊடகம் நம்மிடம் இருந்தது. வயர் முனையில் வருவதைத் திறந்து பார்க்கவும், பதியவும், எழுதப்பட்ட சொப்ட்வெயாரை மாற்றவும் சாதாரண ஆட்களால் முடிந்தது. அந்த உரிமையை எவரும் சட்டம் போட்டுப் பறிக்கவில்லை. போன் கையில் வந்தது, காட் செருகும் துளை கொம்பியூட்டரிலிருந்து காணாமற்போனது, நாமும் கவனிக்கவில்லை.

கதவு இன்னும் முழுதாய் மூடவில்லை. தூரதர்ஷன் சேவை டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இப்பவும் ஓடுகிறது. யூ.எஸ்.பி.யில் செருகும் ரியூனர்கள் கிடைக்கின்றன. வி.டி.ஆர். இப்பவும் இலவசம். உங்கள் வீட்டுக் கூரையில் கறள் பிடித்த டிஷ் ஒன்று இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முதல் வயரின் மறுமுனையை ஒருக்காத் தேடிப் பாருங்கோ.